சீஸ்டார் எஸ்50: வேலூர் மொட்டைமாடியில் ஒரு வருடம்

சீஸ்டார் எஸ்50 என்பது தானே வானத்தில் தேடிப் படம் எடுத்து போனுக்கு அனுப்பும் ஒரு சின்னத் தொலைநோக்கி. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் செய்வதை அப்படியே இங்கே செய்தால் பாதி இரவு வீணாகப் போகும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அது இந்தச் சின்னக் கருவியின் வேலையை நிறையவே மாற்றிவிடுகிறது. அதைத் தமிழில் யாரும் விளக்கி நான் படித்ததில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதற்கு முன் என்னிடம் 130 மில்லிமீட்டர் நியூட்டோனியன் (குழிக் கண்ணாடி வைத்த) தொலைநோக்கி ஒன்றும், வானம் சுழல்வதற்கு ஏற்ப அதைத் திருப்பும் ஈக்வடோரியல் மவுண்ட் என்கிற தாங்கி ஒன்றும், பழைய கேமரா ஒன்றும் இருந்தன. நெபுலாவை, அதாவது விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகத்தை, படம் எடுக்க வேண்டுமென்றால் அந்த மவுண்டின் அச்சு வானத்தின் வட துருவத்தைச் சரியாகப் பார்த்து நிற்க வேண்டும், அதற்குத் துருவ நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேலூரின் அட்சரேகை சுமார் 13 டிகிரி, ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மூன்று வருடம் தோராயமாக அச்சைத் திருப்பி வைத்துப் படம் எடுத்தேன், கோடு கோடாக நீண்ட நட்சத்திரங்கள்தான் கிடைத்தன. குழந்தை பிறந்த பிறகு, ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் மாட்டி, ஒரு மணி நேரம் படம் எடுத்து, மறுபடி கழற்றிக் கீழே இறக்குகிற வாழ்க்கை முடிந்துபோனது. 2024 டிசம்பரில் இதை வாங்கினேன். அமெரிக்காவில் இது 2023-இல் 499 டாலருக்கு அறிமுகமானது, எனக்கு இங்கே வரி எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குச் சற்று மேலே ஆனது. சின்னத் தொகை இல்லை. பழைய மவுண்டை விற்ற பணமும் அதில் சேர்ந்தது.

பெட்டியில் இருப்பது என்னவென்றால், ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுக்கு ஒரு கருவி, இரண்டரை கிலோ எடை, கூடவே குட்டையான ஒரு முக்காலி, சூரியனைப் பார்க்க ஒரு ஃபில்டர். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் கிடையாது, எல்லாமே போன் திரையில்தான். முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 250 மில்லிமீட்டர், உள்ளே சோனியின் ஐ.எம்.எக்ஸ்.462 சென்சார், 1920-க்கு 1080 பிக்சல். இரண்டு மெகாபிக்சல்தான், இன்றைய போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த எண்ணைப் பார்த்து நானும் முதலில் தயங்கினேன். ஆனால் போன் கேமரா ஒரு நெபுலாவைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பொறுமையாக ஒளியைச் சேர்க்காது, இது சேர்க்கும்.

வேலை செய்யும் விதம் இப்படி. முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கிறோம், பொத்தானை அழுத்துகிறோம், போனில் செயலியைத் திறந்து வான வரைபடத்தில் வேண்டியதைத் தொடுகிறோம். கருவி அந்தப் பக்கம் திரும்பி, ஒரு படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களின் அமைப்பைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, தான் எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடித்து, கொஞ்சம் நகர்ந்து சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஃபோகஸும் தானாகவே. துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம், தண்ணீர்த் தொட்டி இருந்தால் இருக்கட்டும். மாடிக்கு ஏறி ஐந்து நிமிடத்துக்குள் படம் வர ஆரம்பித்துவிடுகிறது. 10 வினாடிக்கு ஒரு படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, திரையில் காட்டிக்கொண்டே போகிறது. ஸ்டாக்கிங் என்பார்கள். நான்கு மடங்கு நேரம் எடுத்தால் இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள், பாதியாகும், இது கணக்கு, எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

முதல் இரவு ஓரியன் நெபுலாவைத்தான் பார்த்தேன், எம்42 (எம் என்பது மெஸ்ஸியர் பட்டியலின் எண்). முதல் 10 வினாடியிலேயே நடுப்பகுதி ஒரு வெளிர் பூப்போலத் தெரிந்தது, ஐந்து நிமிடத்தில் சிவப்பு இறக்கைகள் விரிந்தன, அரை மணியில் அந்த இறக்கைகளுக்குள் கறுப்புத் தூசி மடிப்புகள் வரை வந்துவிட்டன. அம்மாவை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். "இது நிஜமாவே அங்கதான் இருக்காப்பா, இல்ல போன்ல இருக்கற படமா?" என்று கேட்டார். அங்கேதான் இருக்கிறது அம்மா, அந்த மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே, சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் என்று கையை நீட்டிக் காட்டினேன். இதே நெபுலாவை முதன்முதலில் படம் எடுத்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குலத் தொலைநோக்கியில், 51 நிமிடம் புகைப்படத் தட்டைத் திறந்து வைத்து எடுத்தார். நம் மாடியில் இரண்டு அங்குல லென்ஸில் அதைவிட அதிகம் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன், இந்தப் பதிவின் முக்கியமான பகுதி இதுதான்.

இந்தக் கருவி சாதாரணமாக மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பித்தான் நட்சத்திரத்தைத் துரத்துகிறது. ஆனால் வானம் துருவத்தைச் சுற்றிச் சுழல்கிறது. ஆகவே நடுவில் உள்ள நட்சத்திரம் அசையாமல் நின்றாலும், படம் மொத்தமும் அதைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: நம் அட்சரேகை, பார்க்கிற திசை, பார்க்கிற உயரம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அதிகம், நேர் வடக்கிலும் நேர் தெற்கிலும் அதிகம், தலைக்கு மேலே போகப் போக மிக அதிகம். லண்டனில் ஓரியன் நெபுலா உச்சத்தில் 33 டிகிரி உயரம்தான் ஏறும், அங்கே இந்தச் சுழற்சி மணிக்கு 11 டிகிரி. வேலூரில் அதே நெபுலா கிட்டத்தட்ட 72 டிகிரிக்கு ஏறிவிடும், அந்த நேரத்தில் சுழற்சி மணிக்கு 46 டிகிரிக்கு மேல். நான்கு மடங்கு! 10 வினாடிப் படத்திலேயே மூலையில் உள்ள நட்சத்திரம் இரண்டரை பிக்சல் இழுபடும், 30 வினாடி வைத்தால் ஏழு பிக்சலைத் தாண்டும். செயலி கெட்டுப்போன படங்களைத் தானே ஒதுக்கிவிடும், அதனால் ஒரு மணி நேரம் நின்றும் அரை மணி நேரத்துப் படம்தான் சேர்ந்திருக்கும். முதல் மாதம் முழுக்க நான் செய்த தவறு இதுதான். "நெபுலா உச்சியில் இருக்கும்போது எடு, காற்று மண்டலம் குறைவாக இருக்கும்" என்று படித்திருந்தேன், அதையே செய்தேன், 30 வினாடியும் வைத்தேன்.

தீர்வு எளிது. உச்சிக்கு ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஜனவரி நடுவில் இரவு 7 மணிக்கு ஓரியன் நெபுலா கிழக்கே 40 டிகிரி உயரத்தில் இருக்கும், அப்போது சுழற்சி மணிக்கு 6 டிகிரிதான். 7-இலிருந்து 8:30 வரை 10 வினாடிப் படங்களாக எடுத்தால் பெரும்பாலும் எல்லாமே தேறுகின்றன. அதற்கப்புறம் அதை விட்டுவிட்டு, கிழக்கே புதிதாக ஏறி வருகிற எதையாவது பிடிக்கலாம். நான் அப்படிப் பிடித்தது கடக ராசியில் இருக்கும் எம்67 என்ற நட்சத்திரக் கூட்டம், கிட்டத்தட்ட நம் சூரியனின் வயதை நெருங்கும் மிகப் பழைய கூட்டம். நள்ளிரவுக்குப் பிறகு ஓரியன் மேற்கே இறங்கும்போது மறுபடி அதற்கே திரும்பலாம். கிழக்கும் மேற்கும் நம் நண்பர்கள், தலைக்கு நேர் மேலே தவிர்க்க வேண்டிய இடம். இவ்வளவுதான், ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கருவி சரியில்லை என்று சொல்பவர்களை நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது.

2025-இல் வந்த மென்பொருளில் ஈக்வடோரியல் முறையும் சேர்ந்தது. கருவியை அப்படியே சாய்த்து, அதன் அச்சு துருவத்தைப் பார்க்கும்படி வைத்தால் படம் சுழலவே சுழலாது, 20, 30 வினாடியும் வைக்கலாம். எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று செயலியே சொல்கிறது, இதற்கும் துருவ நட்சத்திரம் தெரியத் தேவையில்லை. வடக்கே இருப்பவர்களுக்கு இது எளிது, லண்டனில் நேராக நிற்பதிலிருந்து 38 டிகிரி சாய்த்தால் போதும். நமக்கோ 77 டிகிரி சாய்க்க வேண்டும், அதாவது கருவியைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்கிறோம். எடை முழுவதும் வடக்குப் பக்கம் தொங்கும். கூட வருகிற முக்காலி இதற்கு ஆகாது. நான் வீடியோ கேமராவுக்கான கனமான ட்ரைபாட் ஒன்றையும் அதன் சாயும் தலையையும் வாங்கினேன், ஒரு காலை நேர் வடக்கே நீட்டி வைத்து, நடுத்தண்டில் ஐந்து கிலோ மணல் பையைக் கட்டித் தொங்கவிடுகிறேன். முதல் தடவை பை கட்டாமல் வைத்தபோது சாயப் பார்த்தது, கையால் தாங்கிப் பிடித்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. தயவுசெய்து எடை கட்டாமல் முயற்சி செய்யாதீர்கள். கட்டிவிட்டால் நன்றாக நிற்கிறது, ரோசெட் நெபுலா மாதிரி உச்சிக்குப் பக்கத்தில் போகிறவற்றை இந்த முறையில்தான் எடுக்க முடிந்தது.

ஃபில்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளேயே இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்று இருக்கிறது, செயலியில் ஒரு தொடுதலில் போடலாம், எடுக்கலாம். ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பையும், ஆக்ஸிஜன் உமிழும் 501 நானோமீட்டர் நீலப்பச்சையையும் சுற்றியுள்ள ஒளியை மட்டும் விட்டு, மற்றதைத் தடுத்துவிடும். எங்கள் தெருவில் எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் வானம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது, வெறும் கண்ணுக்கு ஐம்பது நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அப்படிப்பட்ட மாடியிலிருந்து குதிரைத்தலை நெபுலா கிடைத்தது! பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் எளிதில் பிடிபடாத பொருள் அது. 1888-இல் ஹார்வர்டில் வில்லியமினா ஃபிளெமிங் என்ற பெண்மணி ஒரு புகைப்படத் தட்டில்தான் அதைக் கண்டுபிடித்தார். எனக்குப் பத்து நிமிடத்தில் நிழலாகவும், இரண்டு மணி நேரத்தில் தெளிவான தலையாகவும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஃபில்டரைப் போட்டுவிடக் கூடாது. தானே ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு மட்டும் போடுங்கள், எம்8, எம்42, ரோசெட், டம்பெல் இந்த மாதிரி. நட்சத்திரக் கூட்டம், காலக்ஸி, கார்த்திகையைச் சுற்றியுள்ள நீலப் புகை மாதிரி பிறர் ஒளியைத் திருப்பிக் காட்டுகிற நெபுலா, இவற்றுக்கு ஃபில்டர் ஒளியைத் தின்றுவிடும். பிரகாசமான நட்சத்திரக் கூட்டங்களுக்கு ஃபில்டர் இல்லாமல் மாடியே போதும், காலக்ஸிக்கும் நீலப் புகைக்கும் இருட்டான ஊருக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

நமக்கு அந்த இருட்டு பக்கத்திலேயே இருக்கிறது, ஜவ்வாது மலை. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஒருவருக்கு நிலம் இருக்கிறது, போன ஜனவரியில் அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு அங்கே தங்கினேன். போன் சிக்னல் இல்லை, ஆனால் கருவி தன் சொந்த வைஃபையை விடுவதால் பிரச்சினை இல்லை. கார்த்திகை மேற்கே இறங்குவதற்காக இரவு 10 மணி வரை காத்திருந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இது ஆறுமீன்தானே, இதுல என்ன இத்தனை இருக்கு?" என்றார். கண்ணுக்குத் தெரிவது ஆறுதாங்க ஐயா, கூட்டத்தில் ஆயிரத்துக்கு மேலே இருக்கு என்றேன். அவர் திரையை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் எண்ணினார்.

இங்கேதான் கருவியின் ஓர் எல்லையும் தெரிந்தது. ஒரு படத்தில் அடங்குவது சுமார் 1.27 டிகிரிக்கு 0.72 டிகிரி வானம். நிலா அரை டிகிரி, அது நன்றாக அடங்கும். கார்த்திகை கிட்டத்தட்ட இரண்டு டிகிரி, அடங்காது. ஆந்திரமேடா காலக்ஸியும் அடங்காது, பூசத்தில் இருக்கும் தேன்கூட்டுக் கூட்டமும் ஓரங்களில் வெட்டுப்படும். பல துண்டாக எடுத்து ஒட்டும் மொசைக் வசதி செயலியில் உண்டு, நன்றாகவே ஒட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும், ஆகவே இரண்டு மூன்று மடங்கு பொறுமை வேண்டும். பெரிய பொருட்களே உங்கள் ஆசை என்றால் அதே நிறுவனத்தின் எஸ்30-ஐப் பாருங்கள், லென்ஸ் சிறிது, ஆனால் பார்வை அகலம். மறுபக்கம், மிகச் சின்னவற்றுக்கும் இது ஆகாது. வளைய நெபுலா எம்57 திரையில் 35 பிக்சல் அகலம்தான் வரும், வியாழன் அதிகபட்சம் 20 பிக்சல் அளவுக்குத்தான் வரும். கோள்களுக்காக இதை வாங்காதீர்கள்.

இதற்குப் பொருத்தமான அளவு என்றால் உருண்டை நட்சத்திரக் கூட்டங்கள்தான், அதிலும் நமக்கு வாய்த்தது ஒமேகா சென்டாரி. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கு மே மாதம் நடுவில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும். 1677-இல் எட்மண்ட் ஹாலி அதைப் பார்த்து, இது தனி நட்சத்திரம் இல்லை என்று குறித்தார். சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், சுமார் ஒரு கோடி நட்சத்திரம், அது இந்தக் கருவியின் குறுகிய பக்கத்தில் அளவெடுத்தது போல உட்காருகிறது. பதினைந்து நிமிடம் போதும், ஃபில்டர் வேண்டாம், மாடியே போதும். கேட்டை நட்சத்திரத்துக்கு அருகிலேயே எம்4 இருக்கிறது, மூலம் பக்கத்தில் எம்7, அதற்குச் சற்று மேலே எம்8, எம்20. சித்திரை, வைகாசி இரவுகளில் ஐரோப்பாக்காரர்கள் அடிவானப் புகைக்குள் தேடுகிற இவை எல்லாம் நமக்கு நல்ல உயரத்தில் வருகின்றன. சுழற்சியில் நாம் இழப்பதை இங்கே திரும்பப் பெறுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி 6000 எம்.ஏ.எச்., ஐந்து ஆறு மணி நேரம் வருகிறது, மார்கழிப் பனியில் லென்ஸ் ஹீட்டரைப் போட்டால் குறையும், ஆகவே பவர் பேங்க் ஒன்றைச் செருகிவிடுவேன். ஹீட்டரைப் போட மறக்காதீர்கள், ஒரு தடவை மறந்து இரண்டு மணி நேரத்துப் படம் முழுக்க மங்கலாகப் போனது. முக்காலி குட்டை என்பதால் மாடிக் கைப்பிடிச் சுவர் அடிவானத்தை மறைக்கும், சிமென்ட் திண்டின் மேல் வைக்கிறேன், பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தால் நடக்கும்போதே ஆடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழையில் போய்விடும், அதைக் கருவியின் குறையாக எண்ண முடியாது, ஆனால் செப்டம்பரில் வாங்கிவிட்டு மூன்று மாதம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதால் சொல்கிறேன்.

ஒவ்வொரு தனிப் படத்தையும் சேமிக்கும் தேர்வைச் செயலியில் கட்டாயம் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜி.பி. ஆகும், உள்ளே 64 ஜி.பி. இருக்கிறது. பிறகு அவற்றைக் கணினிக்கு மாற்றி, சிரில் என்ற இலவச மென்பொருளில் நீங்களே அடுக்கலாம், கிராக்ஸ்பெர்ட் என்ற இன்னொன்றால் நகர வெளிச்சத்தின் சாய்வை நீக்கலாம், அதுவும் இலவசம். வெவ்வேறு இரவுகளில் எடுத்ததை ஒன்றாகச் சேர்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். என் ரோசெட் படம் ஐந்து இரவுகள், மொத்தம் ஏழு மணி நேரம். செயலியிலேயே இரைச்சலை நீக்கும் ஏ.ஐ. பொத்தான் உண்டு, உடனே வாட்ஸப்பில் அனுப்ப நன்றாக இருக்கும், எனக்கென்னவோ நட்சத்திரங்கள் அதில் மெழுகு பூசியது போலத் தெரிகின்றன, சிரிலில் கிடைப்பதே பிடிக்கிறது.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணை வைத்து நேரடியாகப் பார்க்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால், இதே பணத்தில் ஒரு நல்ல டாப்சோனியன் (எளிய மரத் தாங்கியில் நிற்கும் பெரிய தொலைநோக்கி) வாங்குங்கள், சனியின் வளையத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. சுவரில் பெரிதாக மாட்ட அச்சிடும் அளவுக்குப் படம் வேண்டும் என்றாலும் இரண்டு மெகாபிக்சல் போதாது. நேரமும் இடமும் குறைவு, வானத்தின் மேல் ஆசை அதிகம், நகரத்துக்குள் வீடு என்றால், இந்த விலையில் இதற்கு மேல் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அடுத்து எனக்குக் கரீனா நெபுலா வேண்டும். வேலூரில் அது உச்சத்திலேயே 17 டிகிரிதான் ஏறும், ஏப்ரல் தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு நேர் தெற்கே இருக்கும், ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எங்கள் மாடியில் அந்தப் பக்கம் வேப்பமரம் மறைக்கிறது. ஜவ்வாது மலையில் தெற்கே மறைப்பு இல்லாத, இரவு தங்க அனுமதிக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், கருவியையும் மணல் பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.